இணக்கசபைத் தேர்வில் பத்தொன்பதரை

உலகத்தில் நீதிமன்றங்கள் பல உண்டு. தீர்ப்போடு சூடான ரோல்ஸும் தருகிற நீதிமன்றம் ஒன்றுதான். அது பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில், ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் ஊர் இணக்கசபை. அதன் செயலாளர் என்ற பெரும்பாரத்தைப் பதினொரு வருடமாகச் சுமப்பவன் அடியேன், வாமதேவன். முத்திரை என்னிடம்தான் இருக்கிறது.

எங்களிடம் வக்கீல் இல்லை, சட்டப் புத்தகம் இல்லை, தாமதமும் இல்லை. பூரணியின் வழக்கையே பாருங்கள். சபைத் தலைவர் குலசேகரத்தாரின் உணவகத்தில் சமைப்பவள். மார்ச் மாதம் வடைச் சட்டி சரிந்து, கொதி எண்ணெய் வலக்கையில் கொட்டிவிட்டது. 'வேலையில் நடந்த விபத்து' என்று முதலாளி எழுதித் தரவேண்டும் என்றாள். எழுதினால் உணவகத்துக்குத் தொழில் இன்ஸ்பெக்டர் வருவார். எழுதாவிட்டால் நட்டஈடு இல்லை, அந்த விரல்கள் இனி மடங்காமலே போனாலும் அது அவள் பாடு.

நடுநிலை முக்கியம் அல்லவா? விசாரணை முடியும்வரை தலைவர் நாற்காலி மாறி, பிரதிவாதியின் இடத்தில் இருந்தார். கேள்வி கேட்கவும் தீர்ப்புச் சொல்லவும் மட்டும் எழும்பி வந்தார்.

"எங்கை நடந்தது, தங்கச்சி?"

"உங்கடை குசினியிலை, அண்ணை."

"உன்ரை வீட்டிலை குசினி இல்லையோ?"

"இருக்கு."

"பிறகென்ன, குசினி எண்டாலே வீட்டு விசயம்தான். வீட்டிலை நடந்தது எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லு."

இரண்டாவது தேத்தண்ணிக்கு முன்னமே வழக்கு முடிந்தது. பூரணி ரோல்ஸ் எடுக்கவில்லை. கையில் கட்டு இருந்தபடியால் என்று கூட்டக்குறிப்பில் எழுதினேன்.

இத்தனை இருந்தும் இளையோருக்கு எங்கள் அருமை தெரியவில்லை. ஆகவே 'மரபு நீதியும் இளையோர் புரிதலும்' என்று ஒரு தேர்வு வைத்தோம். ஒரே கேள்வி: "சபை விசாரித்த வழக்கு ஒன்றைத் திகதி, பெயர், தீர்ப்புடன் விவரிக்க." ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் கொத்துரொட்டி இலவசம் என்று வந்தவர்கள். ஏழாவது, பூரணியின் மகள் சாம்பவி. சார்செல் புறநகரில் லிசே என்கிற உயர்பள்ளியில் கடைசி வருடம்.

"மாமா, பிரெஞ்சிலை எழுதலாமோ?"

"தாராளமா எழுது, பிள்ளை. சபை முற்போக்கானது."

"திருத்திறது ஆர்?"

"நான்தான்."

"கையெழுத்துப் போடுவீங்களோ?"

"முத்திரையும் குத்துவன்."

அவள் உடனே பேனையை எடுத்தாள்.

பிரசாந்தன் என்ற பெடியன், "பெரியவர்கள் கதைப்பார்கள். பிறகு சாப்பாடு" என்று எழுதியிருந்தான். சாம்பவியோ மூன்று பக்கம். சரிந்த சட்டி, தாயின் கை, தீர்ப்பு, அதைச் சொன்னவர் பெயர், பேசாமல் கேட்டிருந்த ஒன்பது பேரின் பெயர். எனக்குப் புல்லரித்தது. கூட்டக்குறிப்போடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். தீர்ப்பு நேரம் மூன்று மணி என்றிருந்ததைச் சிவப்பு மையால் 2.40 என்று திருத்தி அரைப் புள்ளி குறைத்தேன். "அனைத்தும் உண்மை. கூட்டக்குறிப்பு, பக்கம் 88" என்று என் பிரெஞ்சுப் புலமை தெரிய எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினேன். இருபதுக்குப் பத்தொன்பதரை. தலைவரே மேடையில் விடைத்தாளைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு என்றால் அவர் வாசிப்பதில்லை.

நேற்று அவருக்குப் பதிவுத் தபால் வந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற திகதி. கூடவே, என் சிவப்பு மையோடு விடைத்தாளின் பிரதி.

"ஏன் காணும் சரி எண்டு போட்டனீர்?" என்றார் தலைவர்.

"சரியாத்தானே அண்ணை எழுதியிருந்தது."

ஆகவே இளையோருக்கு எங்கள் நீதிமன்றம் விளங்கவில்லை என்று இனி யாரும் சொல்லவேண்டாம். பதினொரு வருடமாக அந்த முத்திரையை வைத்திருக்கிறேன். அது உண்மையின்மேல் விழுந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் தவறுதலாக.