பரிசத்தன்று கூரை ஏறிய மாப்பிள்ளை

பண்டமாரான்,
கிள்ளான்.
ஆகஸ்டு 1998

மதிப்பிற்குரிய திரு. பழனியப்பன் அவர்களின் சமூகத்திற்கு,

ரெங்கசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி நல்லம்மாளும் மகள் சீதாலெட்சுமியும் நலமே. ஸ்ரீ கெம்பாங்கானில் தாங்களும் தங்கள் துணைவியார் வள்ளியம்மா அவர்களும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். தங்கள் மகன் ராதாகிருஷ்ணனின் இடது காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் காரின் நலத்தையும் அறிய ஆவல்.

தாங்கள் போனை எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் இரண்டு வரியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை பரிசம் போட வந்த தாங்கள் தாம்பாளம் மாற்றாமலேயே, "சகுனம் சரியில்லை" என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். ஐயா, அது சகுனமே அல்ல, இரண்டு கம்பெனிக்காரர்களின் சண்டை. துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளவும்.

பரிசத்துக்கு ஐயர் இரண்டு நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். ஒன்று சீரியல் ஓடுகிற நேரத்தில், மற்றது அது முடிந்த பிறகு. நான் முதல் நேரத்தையே சொன்னேன். நல்லம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு கோர்ட்டுல உண்மையைச் சொல்லப்போறா, உங்க பரிசம் எங்க ஓடிப்போகுது?" என்றாள். தங்கள் வீட்டம்மாவும் போனில், "அண்ணே, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்துட்டு நிதானமா மாத்திக்கலாம்" என்றார்கள். பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களே, இதைவிட நல்ல சம்பந்தம் கிடைக்குமா என்று நானும் சந்தோஷப்பட்டேன். ரெண்டு வீட்டுத் தாம்பாளத்தையும் பட்டுத்துணி போட்டு மூடி, சாமி மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சாச்சு. பொம்பளைங்க எல்லாம் டிவிக்கு முன்னால பாய்ல உக்காந்தாங்க. நாம ஆம்பளைங்க பின்னால நாற்காலியில உக்காந்து, டிவியைப் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டிருந்தோம்.

சீரியல் பாட்டு ஆரம்பிக்கிற நேரம் பாத்து படம் பொசுக்குன்னு போச்சு. நீல நிறத்துல திரை, அதுல மலாய்லயும் இங்கிலீஷ்லயும் நாலு வரி. எங்க வீட்டுல மழை வந்தா எப்பவும் அந்த நீலத்திரை வரும், எழுத்தும் வரும், அதுக்கு மழை எழுத்துன்னே பேரு. டிஷ் மாட்டின நாள்லேர்ந்து அதை ஒருத்தரும் படிச்சதில்லை. வெளியே போய்ப் பாத்தா வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு. மழை இல்லேன்னா டிஷ்தான் திரும்பியிருக்கணும், டிஷ் திரும்பினா எவனாவது ஒருத்தன் மேலே ஏறணும். இது உங்க வீட்டுலயும் இப்படித்தானே?

நான்தான் வேட்டியை மடிச்சுக் கட்டினேன். "அங்கிள், நீங்க சும்மா இருங்க, நான் சார்ஜ்மேன்லா"ன்னு மாப்பிள்ளை ஏணியைப் பிடுங்கிக்கிட்டார். சுபாங் ஜெயா ஃபேக்டரி முழுக்க கரண்டைக் கட்டி மேய்க்கிற பிள்ளை. "வேணாம் தம்பி, பட்டு வேட்டி, பரிசம் வேற"ன்னு நான் தடுத்தேன். "ஏறட்டும் விடுங்க, இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு"ன்னு சொன்னது யாரு? குத்திக்காட்டுறேன்னு நினைக்காதீங்க ஐயா, ஆனா சொன்னது நீங்கதான்.

மாப்பிள்ளை மேலே போய்ப் பாத்தா, எங்க வரிசை வீடு முழுக்க கூரைக்கு ஒரு ஆள்! தமிழன் வீடு ஒண்ணு பாக்கியில்லை. "வந்துச்சா?"ன்னு மேலேர்ந்து ஒரு சத்தம், "இல்லே!"ன்னு கீழேர்ந்து ஒரு சத்தம், தெரு பூரா இதே கூப்பாடுதான். எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல போயிருக்கே, அப்போ கோளாறு வேற எங்கேயோன்னு ஒரு மண்டைக்காவது உறைக்கணுமே? பக்கத்து வீட்டு அய்யாவு தன் கூரையில நின்னுக்கிட்டு, "உன் மாப்பிள்ளை திருப்பினதுலதான்யா எங்க வீட்டுல படம் போச்சு"ன்னு கத்துறான். "உன் டிஷ்தான்டா எங்க சிக்னலை மறைக்குது"ன்னு நான் கீழேர்ந்து கத்துறேன். உள்ளேர்ந்து நல்லம்மா, "கொஞ்சம் வலது பக்கம்... அப்படியே... ஐயோ போச்சு!"ன்னு ஆர்டர் போடுறா. எதுடி போச்சுன்னு அப்புறமா கேட்டா, நீலம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்துச்சாம். எதிர்வீட்டு ஆ செங் சாப்பாட்டுக் கிண்ணத்தோட வாசலுக்கு வந்து நின்னான், அவன் வீட்டுல சீனப் படம் ஜம்முன்னு ஓடுது. எல்லாரையும் அண்ணாந்து பாத்துட்டு, "இன்னிக்கு உங்களுக்கு என்ன பண்டிகை?"ன்னு மலாய்ல கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான், பாவம்.

அவனுக்குப் பதில் சொல்லலாம்னு நான் திரும்பின நேரத்துலதான், மாப்பிள்ளை ஓட்டுலேர்ந்து காலை எடுத்து கார் போர்ச் தகட்டுமேல வெச்சுட்டார். அது பழைய அஸ்பெஸ்டாஸ், பொளக்குன்னு உடைஞ்சுபோச்சு. உங்க புது புரோட்டான் காரோட பானட் மேல வந்து இறங்கினார். எனக்கு உயிரே போயிடுச்சு. எல்லாரும் ஓடுறோம், அவரு மெல்ல தலையைத் தூக்கி, "ஆன்டி, படம் வந்துச்சா?"ன்னு கேக்குறார்! அலங்காரத்தோட உள்ளே உக்காந்திருந்த என் மக, இத்தனை பேரு பாக்குறாங்களேங்கிற வெக்கத்தையெல்லாம் விட்டுட்டு ஓடிவந்து, அடிபட்ட அந்த இடது காலை மடியில தூக்கி வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. நீங்க மொதல்ல பானட்டைத் தடவிப் பாத்தீங்க. நான் குத்தம் சொல்லலை, புதுக்காரு. அப்புறம், "நல்ல காரியம் நடக்குற இடத்துல திரை இருண்டுச்சு, பையன் விழுந்தான், இதுக்கு மேல சாமி எப்படிங்க சொல்லும்?"னு கேட்டுட்டு, விறுவிறுன்னு உள்ளே போய்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க.

சாமி ஒண்ணும் சொல்லலை ஐயா. திங்கட்கிழமை டிவி கம்பெனிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வெச்சுட்டு ஒரு பொண்ணு பேசுச்சு. மெட்ராஸ் சேனல்காரங்களோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சாம். புது ஒப்பந்தத்துக்கு அவங்க கூடக் கேட்டாங்களாம், இவங்க முடியாதுன்னாங்களாம், அதனால சனிக்கிழமை சாயந்திரத்தோட நிறுத்திட்டாங்களாம். "பேச்சுவார்த்தை நடக்குது, பொறுமையா இருங்க சார்"னு சொல்லி வெச்சிடுச்சு. நாம படிக்காத அந்த மழை எழுத்துலயும் இதைத்தான் போட்டிருந்தாங்களாம்! இது சகுனம்னா நாட்டுக்கே சகுனம். அன்னிக்குக் கிள்ளான்லேர்ந்து ஈப்போ வரைக்கும் எத்தனை வீட்டுல பரிசம் நடந்திருக்கும், எல்லாத்தையும் முறிச்சுப்புடலாமா?

கம்பெனிக்காரன் ரெண்டு பேரும் வீம்பு பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இருட்டுல உக்காந்திருக்கிறது நாம. இங்கே நீங்களும் நானும் அதேதானே பண்ணிக்கிட்டிருக்கோம்? சீதா கிளினிக் வேலை முடிஞ்சு வந்ததும் போனுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிறா. சாப்பிட்டியாம்மான்னு கேட்டா, சாப்பிட்டேன்னு பொய் சொல்றா. எனக்குப் பயமா இருக்கு ஐயா. கீழே விழுந்து கிடக்கும்போதுகூட மாமியார் சீரியலை விசாரிக்கிற மருமகன், நான் மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைப்பானா? என் மக முகத்துக்காக ஒரு தடவை வாங்க. காரை ரோட்டுலயே நிறுத்திக்கலாம், போர்ச்சுக்குள்ள விடவேண்டாம்.

மாரியம்மன் தங்கள் குடும்பத்தாருக்கு நீண்ட ஆயுளும், மாப்பிள்ளையின் காலுக்கு முழு சுகமும், தங்கள் மனதுக்குக் கொஞ்சம் இளக்கமும் தந்தருளட்டும். தங்கள் பதிலையோ, பதிலுக்குப் பதிலாகத் தங்களையோ வாசலில் எதிர்பார்க்கும்,

தங்கள் அன்பை நாடும்,
மு. ரெங்கசாமி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்க வேண்டியதில்லை. நீங்க விட்டுட்டுப் போன எங்க தாம்பாளத்துல வெத்திலை வாடியிருக்குமே, மாத்தி வைப்போம்னு நல்லம்மா இப்பத்தான் துணியை எடுத்தா. உள்ளே நாங்க வாங்காத பச்சைப் பட்டுச்சேலை! கோபத்துல நீங்க தூக்கிட்டுப் போனது எங்க தாம்பாளம் ஐயா, உங்களுது இங்கே இருக்கு. உடனே உங்க வீட்டம்மாவுக்குப் போன் பண்ணினோம். அவங்களுக்கு அன்னிக்கே தெரியுமாம். இந்த மனுஷன்கிட்ட சொன்னா திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுவாருன்னு வாயைத் திறக்கலையாம். நாங்க வெச்ச சட்டையைத்தான் மாப்பிள்ளை இப்போ போட்டுக்கிட்டுக் கட்டுக்காலோட உக்காந்திருக்காராம். நீங்ககூட, நல்லா இருக்கே, எங்கடா வாங்கினேன்னு கேட்டீங்களாம். ஐயரைக் கேட்டாச்சு, கோபத்துல மாத்தினாலும் மாத்தினது மாத்தினதுதான்னுட்டார். ரெண்டு அம்மாக்களும் போன்லயே தையில தேதி வெச்சுட்டாங்க. சீதா அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு, ரெண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. சேனல் இன்னும் வரலை, வீட்டுல ஒருத்தரும் கேக்கலை. நீங்க தாராளமா என்மேல கோபத்துலயே இருங்க, சம்பந்திக்காரன்னு ஆனப்புறம் அதுக்கு இல்லாத உரிமையா?