வடிகட்டி வைத்த விண்கலம்

"டீ வடிகட்டி எங்கே?"

சமையலறையிலிருந்து மனைவி கேட்டபோது பசையண்ணன் ஒரு காலைச் செருப்பில் விட்டிருந்தார். மறு காலையும் அவசரமாக விட்டுக்கொண்டார்.

"அங்கேதான் இருக்கும். நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டுத்தான் கேக்குறேன். திங்கக்கிழமை புனல் காணோம். நேத்து குழிக்கரண்டி காணோம். இந்த வீட்டுல எவர்சில்வர் திங்கிற எலி ஒண்ணு இருக்கு. மீசைகூட வெச்சிருக்கு."

பசையண்ணன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. எந்நேரமும் பத்து விரலிலும் பசை இருப்பதால்தான் ஸ்டுடியோவில் அவருக்கு அந்தப் பெயர்.

"வெள்ளிக்கிழமை எங்க அக்கா வர்றா," என்றாள் மனைவி. "அதுக்குள்ள என் சாமான் எல்லாம் வீடு வந்து சேரணும். இல்லேன்னா நானே ஸ்டுடியோவுக்கு வந்து எடுத்துப்பேன். அப்புறம் மானம் போச்சு, மரியாதை போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"சரி, சரி" என்று நடையைக் கட்டினார். அவர் சட்டைப் பையிலிருந்து வடிகட்டியின் கைப்பிடி எட்டிப் பார்த்தது. அடுப்போரம் மறந்து வைத்ததில் கைப்பிடியில் பிறை வடிவத்தில் ஒரு கருகல் இருந்தது. அன்று மட்டும் தப்பு மனைவியுடையது. அந்தக் கருகலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஸ்டுடியோவின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைதான் அவர் வேலை செய்யும் இடம். அதற்கு முன்பு அதே ஸ்டுடியோவில் பலகை சுமந்தார். செட்டு போடப் பலகை, செட்டைப் பிரித்தால் மறுபடியும் அதே பலகை. முதுகு ஒருநாள் "இனி என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டது. அப்போதுதான் பொம்மை வீடு, பொம்மைக் கப்பல் செய்யும் இந்த வேலை கிடைத்தது. உட்கார்ந்தபடி செய்யும் வேலை. உட்காரும் சுகம் நின்றவனுக்குத்தான் தெரியும்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. டைரக்டர் விண்வெளிப் படம் எடுக்கிறார். பசையண்ணன் ஒரு பிளாஸ்டிக் வாளியும் நாலு குழாயும் வைத்து விண்கலம் செய்து கொடுத்தார். நூலில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த முதல் காட்சியைப் பார்த்த டைரக்டர், "இது விண்கலமா, தொட்டிலா? நடுவுல அழுகைச் சத்தம் சேர்க்கட்டுமா?" என்று கேட்டார். மறுநாளே ஒரு கம்ப்யூட்டர் தம்பியைக் கூட்டி வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் செய்யுங்க," என்று தீர்ப்புச் சொன்னார். "கப்பல் ஒரே மாதிரி இருக்கணும். அண்ணன் கையால செய்யட்டும், தம்பி அதைப் பாத்து கம்ப்யூட்டர்ல செய்யட்டும். வெள்ளிக்கிழமை கேமரா ஓய்வா இருக்கும். அன்னைக்கு அண்ணனோடதைப் படம் பிடிப்போம். எது நல்லாயிருக்கோ அதுதான் படத்துல. தம்பி ஜெயிச்சா கொட்டகையைப் பூட்டிட்டு, அண்ணன் பழையபடி பலகைப் பக்கம் போயிடலாம்."

அதைக் கேட்டதும் பசையண்ணனின் முதுகு அங்கேயே ஒருமுறை சுளீர் என்றது.

அதிலிருந்துதான் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் கப்பலேறத் தொடங்கியது. புனலை வாலில் ஒட்டினார். நெருப்புக் கக்கும் குழல் ஆயிற்று. அன்று மாலை டைரக்டர் அறை டிவியில் தம்பி ஒரு பென்டிரைவைச் செருகினான். திரையில் கப்பல் மிதந்து வந்தது. வாலில் புனல்.

குழிக்கரண்டியை மூக்கில் ஒட்டினார். மறுநாள் மாலை கம்ப்யூட்டர் கப்பலுக்கும் மூக்கில் கரண்டி.

இன்று வடிகட்டி. கப்பலின் தலையில் ஆன்டெனா மாதிரி நிமிர்த்தி ஒட்டிவிட்டு, "இந்தச் சல்லடைக் கண்ணை எந்தக் கம்ப்யூட்டர் எண்ணிப் போடும்னு பாக்குறேன்" என்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினார். போகும் அவசரத்தில் கை பட்டு வடிகட்டி கழன்று விழுந்தது. எடுத்துத் தலைகீழாக ஒட்டிவிட்டார். பசையோ பிடித்தால் விடாத பசை. சரி, வந்து பார்த்துக்கொள்வோம் என்று போனவர், வந்ததும் மறந்துவிட்டார்.

மாலையில் டிவியில் கப்பல் வந்தது. தலையில் வடிகட்டி, தலைகீழாக.

"அடடா, அந்த வலைக்குள்ள வெளிச்சம் பூந்து வர்றதைப் பாருங்க!" என்று டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

பசையண்ணன் டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். சரியாகச் செய்வதைப் பார்த்துச் செய்யலாம். தப்பாகச் செய்ததையுமா?

வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்தார். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, ஏசி ரூம்லயுமா இப்படி வேர்க்குது?"

"மூளை வேலைண்ணே. உள்ள இருக்கிற சூடு எப்படியாவது வெளிய வந்துதானே ஆகணும்."

"உன் ரூமை ஒருநாள் காட்டேன், பாக்குறேன்."

"ஐயோ, கதவைத் திறந்தா குளிர் போயிடும்ணே!" என்று அவன் ஓடியே போனான்.

வியாழன் காலை பசையண்ணன் கொட்டகைக்கு வந்தபோது எலக்ட்ரீஷியன் அங்கே பலகைமேல் படுத்திருந்தார். ஸ்டுடியோவில் எங்கே விளக்கு அணைந்தாலும் அவர் இங்கேதான் கிடைப்பார்.

"வேலை இல்லையா?"

"வேலை இருக்கு, சாமான் இல்ல. சுவிட்ச் போர்டு கேட்டு எத்தனை தடவை ஆபீசுக்கு நடக்குறது? கையெழுத்துப் போடுற மகராசன் ஊர்ல இல்லையாம். உன் பாடு எப்படி?"

"என்னத்தைச் சொல்ல. நான் மதியம் ஒட்டுறேன், அவன் சாயங்காலம் காட்டுறான். அது கம்ப்யூட்டர் இல்ல, குட்டிச்சாத்தான்."

"கரண்ட்ல ஓடுற எதையும் நம்பாதே," என்றார் எலக்ட்ரீஷியன், கண்ணைத் திறக்காமல்.

கப்பல் கொட்டகையின் நடுவில் முக்காலியின்மேல் இருந்தது. பின்னால் அவருடைய நட்சத்திரத் துணி, பொத்தல் போட்ட கறுப்புத் துணி, மடிப்பில்லாமல் தொங்கியது. பெயின்டரின் சக்கர வண்டி பக்கத்தில் நின்றது. பசையண்ணனுக்குத் துணியை மூலையில் சுருட்டிப் போட்டதாகத்தான் ஞாபகம். கூட்டுகிற அம்மா எடுத்து அடுக்கியிருப்பாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கப்பலின் மூக்கு நசுங்கியிருந்தது. பூனையின் வேலை. பூனைக்கு நல்ல மனசு இல்லை.

நசுங்கலை மறைக்க ஏதாவது வேண்டும். கம்ப்யூட்டரால் முடியாததாகவும் இருக்க வேண்டும். மதியம் வீட்டில் யோசித்தபடியே சாப்பிட்டார். மனைவி கொல்லைப் பக்கம் போன நேரம் கண்ணில் பட்டது குக்கர் மூடி.

பளபளவென்ற மூடி. அதில் எதிரே நிற்பவன் முகம் தெரியும். "முகத்தை எப்படிக் காப்பி அடிப்பே, பாத்துடுறேன்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

மூடியைக் கப்பலின் மூக்கில் ஒட்டியதும் முன்பாரம் கூடியது. அதைச் சமன் செய்ய கொட்டகையில் கிடந்த அம்மிக் குழவியை வாலில் கட்டினார். குழவி தெரியாமலிருக்க மெழுகுவத்திப் புகை பிடித்தார். புகையில் பாதிக் கப்பல் கருத்துவிட்டது. கருத்தது எரிந்த கப்பல் மாதிரி அழகாகவும் இருந்தது. திருப்தியோடு ஒரு டீ குடிக்கப் போனார்.

மாலையில் டிவியில் வந்த கப்பலுக்கு மூடி இருந்தது, குழவி இருந்தது, புகைக் கறை அதே கோணலோடு இருந்தது. மூடியின் பளபளப்பில், கையில் எதையோ நீட்டிப் பிடித்த யாரோ ஒருவனின் மங்கலான உருவம்கூடத் தெரிந்தது.

"கலத்தோட கண்ணாடியில ஒரு வேற்றுக்கிரகவாசி!" என்று டைரக்டர் கைதட்டினார். "இதை எப்படிப்பா யோசிச்சே?"

"தானா வந்துடுச்சு சார்," என்றான் தம்பி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை கேமராக்காரர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். பசையண்ணன் கப்பலை நூலில் தொங்கவிட்டார். நூல் "பட்" என்றது. குழவி கேமராக்காரர் காலை நூலிழையில் தப்பவிட்டது. இரட்டை நூல் போட்டார். அதுவும் அறுந்தது. கடைசியில் பலகை கட்டும் கயிற்றையே எடுத்துக் கட்டினார். கப்பல் அறுந்து விழவில்லை. தூக்கில் தொங்கியது.

டைரக்டர் அறையில் எல்லோரும் கூடியிருந்தபோது பசையண்ணனின் காட்சி முதலில் ஓடியது. விண்வெளியின் நடுவே தேங்காய் நார்க் கயிறு ஒன்று கம்பீரமாகத் தெரிந்தது. அதன் அடியில் ஏதோ ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. பெரிய கூடையோடு மனைவி நின்றாள்.

"எங்க அக்கா வந்து உக்காந்திருக்கா. நான் குக்கரை எதைப் போட்டு மூடுறது? உங்க தலையையா?"

"உள்ள வாங்கம்மா, உக்காருங்க," என்றார் டைரக்டர். "ஒரே நிமிஷம். இதையும் பாத்துட்டுப் போங்க."

தம்பியின் காட்சி ஓடியது. கறுத்த வானத்தில் விண்கலம் மெதுவாகத் திரும்பியது. ஆட்டமில்லை, கயிறில்லை. மூடி மின்னியது. தலையில் வடிகட்டி கிட்டத்தில் வந்தது.

மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க, அது என் வடிகட்டி!"

"உக்காரும்மா. அது கம்ப்யூட்டர் போட்ட படம்."

"எனக்குத் தெரியாதா என் வடிகட்டி? கைப்பிடியில நான் கருக்கின இடம் அப்படியே இருக்கு பாருங்க!"

"அதான் அவன் கெட்டிக்காரத்தனம்," என்றார் பசையண்ணன் தரையைப் பார்த்தபடி.

டைரக்டர் மேசையைத் தட்டினார். "கேட்டீங்களா! வீட்டுக்காரம்மாவே நிஜம்னு நம்பிட்டாங்க! அந்தக் கனத்தைப் பாருங்க, அந்தப் புகைக் கறையைப் பாருங்க. அண்ணே, வருத்தப்படாதீங்க. கையால செய்யுற பொம்மையில இந்த நிஜம் என்னைக்கும் வராது. கொட்டகைச் சாவியைக் குடுத்துடுங்க. நாளைக்கே பலகைப் பக்கம் போயிடலாம்."

எல்லோரும் கொட்டகைக்கு நடந்தார்கள். பசையண்ணன் சாவியைத் துழாவினார். சாவி பையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முதுகு இப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.

மனைவி யாருக்கும் காத்திருக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள், கப்பலை மடியில் சாய்த்துக்கொண்டாள். கரண்டியைப் பிடுங்கினாள். புனலைத் திருகினாள். குக்கர் மூடியைப் பெயர்த்ததும் விண்கலத்துக்கு மூக்கு போயிற்று.

"அக்கா! அக்கா, வேணாம்கா!"

கம்ப்யூட்டர் தம்பி ஓடி வந்து கூடையைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா, நீதான் ஜெயிச்சுட்டியே?" என்றாள் அவள். "என் பாத்திரம் உனக்கு எதுக்கு?"

"இன்னும் பாதிப் படம் பாக்கி இருக்குக்கா. அந்த வடிகட்டியை மட்டுமாவது விட்டுட்டுப் போங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஏன்ப்பா, உன்கிட்டதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கே," என்றார் டைரக்டர்.

"இருக்கு சார்... இருந்தாலும் நேர்ல ஒரு தடவை... பாத்துப் பாத்து..."

பசையண்ணனுக்கு மனம் இளகிவிட்டது. தோற்றவனின் வேலைக்கு இவ்வளவு மரியாதை செய்கிறானே! "விடும்மா," என்றார் மனைவியிடம். "பாவம், நல்ல பிள்ளை. ஞாபகத்துக்குக் கேக்குறான்."

"ஞாபகத்துக்கு உங்களை வேணா வெச்சுக்கட்டும்," என்று அவள் வடிகட்டியை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கூடையில் போட்டாள். தம்பி தலையில் கைவைத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது தோளில் ஏணியும் கையில் ஒரு புது அட்டைப்பெட்டியுமாக எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக நடந்து வந்ததால் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உன்னைத்தான் தம்பி தேடிட்டு வர்றேன். நீ வந்த அன்னைக்கு எரிஞ்சு போச்சே உன் ரூம் சுவிட்ச் போர்டு, புதுசு இப்பத்தான் வந்துச்சு. எழுந்திரு, இனிமேலாவது அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துடலாம்."