மூன்று வார்னிங்கும் ஒரு சுவரும்

ஒரு சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள்தான் என்று நம்புகிறவர்கள் கணினிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. நான் அப்படி நம்பினேன். கணினிப் பக்கமும் போனேன். (தைரியத்தைப் பாருங்கள்!)

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கணினி அறிவியலில் பட்டம் வாங்கிவிட்டு, அட்டைப்பெட்டிகளில் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கோணாமல் ஒட்டுவேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அம்மா அதே கம்பெனியில் தையல் பிரிவு. மாதனூரிலிருந்து இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருவோம்.

எங்கள் கம்பெனியில் ‘வார்னிங்’ என்றால் அர்த்தம் ஒன்றுதான். தாமதமாக வந்தாலோ, மெஷினில் உட்கார்ந்து கதை பேசினாலோ டைம் ஆபீஸில் கடிதம் கொடுப்பார்கள். பெயரையும் வாசல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். மூன்று சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே. அம்மாவிடம் இரண்டு இருந்தன. அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த நிலையில் சிஸ்டம் ரூமில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அங்கே வேலை பார்த்த சலீம், என்னைவிட ஒரு வயது சின்னவன், ஜி.எம்.மிடம் என் பெயரைச் சொல்லிவிட்டான். அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஸ்டிக்கர் அடிக்கும் பழைய புரோகிராம் அடிக்கடி படுத்துக்கொள்கிறது. நான் புதிதாக ஒன்று எழுதி, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் சிஸ்டம் ரூம். ஓடாவிட்டால் ஆயுளுக்கும் அட்டைப்பெட்டி.

ராவும் பகலும் யோசித்து எழுதினேன். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சலீம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். நாம் எழுதியதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அதைக் கூப்பிடுகிற கட்டளை சீட்டில் இருந்தது.

gcc -Wall sticker.c -o sticker

“அப்படியே அடிங்கக்கா. ஒரு எழுத்துகூட ஜாஸ்தி கம்மி ஆவக் கூடாது” என்று சொல்லிவிட்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டான்.

அடித்தேன். கறுப்புத் திரையில் வரிசையாக வந்து விழுந்தன: வார்னிங், வார்னிங், வார்னிங். எண்ணிப் பார்த்தேன். சரியாக மூன்று.

என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவேயில்லை. (வார்னிங்கை யாராவது படிப்பார்களா? மடித்து ஜாக்கெட்டுக்குள் வைப்போம், அவ்வளவுதான்.) ஜி.எம். வந்து பார்த்தால் என்ன ஆவது என்பதுதான் கவலை. கட்டளையை மறுபடி பார்த்தேன். அதில் ‘Wall’ என்று ஒரு சொல். வால் என்றால் சுவர். அடடா! வார்னிங்கையெல்லாம் சுவரில் ஒட்டு என்று நாமே அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். திரை கழுவி விட்டதுபோல் சுத்தம். 38 என்று கொடுத்துப் பார்த்தேன். அழகாக ஒரு ஸ்டிக்கர் வந்தது. மறுநாள் சர்ச்சில் இதைக் கர்த்தர் செய்த நன்மையென்று சாட்சி சொல்ல எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, கர்த்தர் என்னை உட்கார வைத்தார்.

திங்கட்கிழமை பேக்கிங் ஹாலில் கூட்டம். தையல் பிரிவிலிருந்து அம்மாவும் எட்டிப் பார்த்தாள். ஜி.எம். சொன்னார்: “நாப்பதாம் சைஸ், பன்னெண்டு பெட்டிக்கு அடிம்மா.”

அடித்தேன். பிரிண்டர் முதல் ஸ்டிக்கரைத் துப்பியது. சைஸ் 32767.

இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. பன்னிரண்டைத் தாண்டியும் அது நிற்கவில்லை. ஸ்டிக்கர் ரோல் தரையில் இறங்கி, மேஜைக்கு அடியில் புகுந்து, ஜி.எம். காலைச் சுற்றியது. நான் கையில் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்தினேன். கடைசியில் சூப்பர்வைசர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

ஜி.எம். காலிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்துப் படித்தார். “இன்னாம்மா இது? இந்த சைஸ்ல யாருக்கு ஷூ?”

“அக்கா, கம்பைல் பண்ணப்போ ஒண்ணுமே சொல்லலியா?” என்றான் சலீம்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அழுகை முந்திக்கொண்டது. “சொல்லுச்சு. மூணு வார்னிங் குடுத்துச்சு. சுவத்துல ஒட்டிடும்னு நான்தான் அந்த ‘வால்’ங்கிறத எடுத்துட்டு மறைச்சிட்டேன்.”

“ஏம்மா மறைச்ச?” என்றார் ஜி.எம்.

“மூணு வார்னிங்னா வெளிய அனுப்பிடுவீங்களே சார்!”

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வார்னிங் கடிதத்தை மறைத்து வைத்தவர்கள்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சலீம்தான் முதலில் சிரித்தான். “அக்கா, அது சுவர் இல்லக்கா. டபிள்யூ தனி, ஆல் தனி. எல்லா வார்னிங்கையும் காட்டுன்னு அர்த்தம். அது திட்டுறது இல்ல, காப்பாத்துறது.”

“சுவர் இருந்தாத்தான் சித்திரம்” என்றார் ஜி.எம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “போய் சுவத்தைத் திரும்பக் கட்டு. நாலு மணிக்கு வர்றேன்.”

அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக வார்னிங்கை உட்கார்ந்து படித்தேன். அடித்த எண்ணை சைஸுக்குக் கொடுக்காமலே பயன்படுத்துகிறாய் என்றது முதலாவது. எத்தனை ஸ்டிக்கர் என்பதற்கும் அப்படியே என்றது இரண்டாவது. சனிக்கிழமை ஒழுங்காக வந்தது ஏதோ பழைய எண்ணின் மிச்சம் உள்ளே தற்செயலாகப் பொருந்திக் கிடந்ததால்தான். என் திறமையால் அல்ல. மூன்றாவது, ஒன்றுக்குப் பெயர் மட்டும் வைத்துவிட்டு வேலையே கொடுக்கவில்லை என்றது. (பேக்கிங்கில் பட்டத்தோடு நின்ற எனக்கு அதன் மேல் தனிப் பாசம் வந்தது.) எவ்வளவு பொறுமையாக, எந்த வரி என்றுகூடக் குறித்துச் சொல்லியிருந்தது! அப்படி என்னிடம் யாரும் தவறைச் சொன்னதில்லை.

நாலு மணிக்குப் பன்னிரண்டு ஸ்டிக்கர் வந்தது. பிரிண்டர் நின்றது. நான் சிஸ்டம் ரூமுக்குப் போனேன்.

இன்றும் சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் அம்மா பின் சீட்டிலிருந்து சத்தமாகக் கேட்பாள்: “இன்னிக்கு எத்தினி வார்னிங்குடி?” போன வாரம் நான் “பதினொண்ணும்மா” என்றேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி பதறிப்போய்க் கேட்டாள்: “பதினோரு வார்னிங்கா? இன்னும் எப்படிக்கா உங்கள உள்ள வுடறாங்க?”

அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டபடி சொன்னாள்: “வார்னிங் வாங்கறதுக்குத்தாம்மா அவளுக்குச் சம்பளமே.”