எலுமிச்சம்பழம் தொடாத மாப்பிள்ளைக்குப் போட்ட ஊசி

கல்யாணப் பேச்சு நடக்கும் காலத்தில் நம் வீடுகளில் யாருக்கும் எந்த நோயும் இருக்காது. ஜாதகம் கையை விட்டுப் போன நாளிலிருந்து தாலி ஏறும்வரை தும்மலைக்கூட அடக்கித்தான் தும்முவோம். தாத்தா எதனால் செத்தார் என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் "வயசாகி" என்போம். (அவர் சாகும்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.) இந்த நல்ல பழக்கத்தால் என் சிறுநீரகங்கள் இரண்டும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகப் பார்த்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் நான் பட்டு நெய்துகொண்டிருந்தேன். போளூரில் எனக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெயர் வசந்தி, நர்சரி பள்ளியில் டீச்சர். பெண் பார்த்த அன்று அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்குப் புத்தி போய்விட்டது. அவளுக்கான முகூர்த்தப் புடவை, அவள் அம்மாவுக்கு ஒன்று, என் அம்மாவுக்கு ஒன்று, எல்லாவற்றையும் நானே என் கையால் நெய்யப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

புளிப்புத் தொட்ட கையோடு தறியில் உட்காரக் கூடாது, ஜரிகை கறுத்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. என் அப்பா எலுமிச்சை ஊறுகாயும் தின்றார், ஆயுள் முழுக்கப் பட்டும் நெய்தார். மகன் அவரைவிடப் பெரிய ஆள் இல்லையா? நான் புளிப்பையே விட்டுவிட்டேன். எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய், ஆரஞ்சு, மாங்காய் எதுவும் கிடையாது. கொய்யாப்பழம் பிசுபிசுக்கும், கீரை கறை பிடிக்கும் என்று அவற்றுக்கும் தடை. டீ, பன், பால் சோறு, இடையிடையே அம்மாவுக்குத் தெரியாமல் பீடி. மாதங்கள் போயின; தறியில் ஒரு பாவு நூல் முடிந்து அடுத்த பாவு ஏறியது. குழியிலிருந்து அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்க மாட்டேன். காதலுக்காக இப்படியெல்லாம் தவம் இருக்கிறோமே என்று என் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது. மடையன்.

முதலில் ஈறு வீங்கியது. பிறகு பல் துலக்கினால் துப்புவதெல்லாம் ரத்தம். காலில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே ஊதா நிறத் திட்டுகள் வந்தன. தறியின் மிதிகட்டையை மிதிக்கவே முடியவில்லை. சின்ன வயதில் முழங்காலில் பட்டு எப்போதோ ஆறிப்போன காயம் திரும்பப் பிளந்துகொண்டது. என் துணியைத் துவைக்கும்போது தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அம்மா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தப் புற்று என்று அவளே முடிவு செய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் அழுதாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வசந்தியைக் கட்டாமலே சாகப் போகிறேன் என்று நினைத்தேன். புடவையையாவது முடித்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் ஏகாம்பரம் மாமா வருகிறார். அம்மாவின் அண்ணன். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தின் வெளியுறவுத் துறை முழுக்க அவர் கையில்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாலு வீடு தள்ளிக் கேட்கும் குரல். என்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவும் அழுதுகொண்டே கூட வந்தாள். நேரம் பாருங்கள், நிச்சயதார்த்தத் தேதி பேசுவதற்காக அன்றைக்கென்று வசந்தியின் சித்தப்பா போளூரிலிருந்து வந்து இறங்கினார். விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரம்மாவின் அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா என் வாயைத் திறந்து பார்த்தார், காலைப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது புத்துநோயெல்லாம் இல்லம்மா, அழாதீங்க. வைட்டமின் சி உடம்புல சுத்தமா இல்ல. அந்தக் காலத்துல மாசக்கணக்கா கடல்ல போறவங்களுக்கு வரும். நம்ம ஊர்ல எலுமிச்சம்பழத்தை வச்சிகினே ஒருத்தருக்கு வந்திருக்குது."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை அடிக்கக் கையை ஓங்கினாள்.

"வாயெல்லாம் புண்ணு, சாப்பிட்டா வாந்தி வருது. அதனால கொஞ்ச நாளைக்கு ஊசியா குடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "வைட்டமின்தானேன்னு நினைக்காதீங்க. அளவா, சலைன்ல கலந்து, மெதுவாதான் ஏத்தணும். வேகமா ஏத்தினா மயக்கம் வரும். வாய் ஆறிட்டா மாத்திரை, பழம், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி சில கேள்வி. இவருக்குக் கல்லடைப்பு வந்திருக்கா?"

இரண்டு வருடம் முன்பு வந்திருந்தது. வாழைத்தண்டுச் சாறு குடித்து, வீட்டுக்கூடத்தில் புழுவாய்த் துடித்து, ஒருவழியாகக் கல் போயிற்று. நான் வாயைத் திறந்தேன். மாமா ஓரக்கண்ணால் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"கல்லா? எங்க பரம்பரையிலயே கிடையாது."

"கிட்னில வேற கோளாறு?"

"பரம்பரையிலயே கிடையாது."

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டு உடம்பு மஞ்சளாகி, மூத்திரம் காபி கலர்ல போயிருக்கா? வீட்ல யாருக்காவது? சில பேர் ரத்தத்துக்கு இந்த ஊசி ஒத்துக்காது, செல்லு ஒடைஞ்சிடும்."

"இன்னா டாக்டரம்மா இப்டி கேக்குறீங்க! நல்ல குடும்பம்ங்க நாங்க."

"சுகர் இருக்கா? இந்த ஊசி போட்டா சுகர் டெஸ்ட் தப்பா காட்டும், அதுக்குத்தான் கேக்கறேன்."

"பரம்பரையிலயே..."

"டாக்டர், ரெண்டு வருஷம் முன்ன எனக்கு..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் மாமா என் காலை மிதித்தார். ஊதா நிறத்தில் வீங்கியிருந்த அதே காலை. நான் போட்ட அலறலில் நர்ஸ் ஓடி வந்தாள். "ஊசின்னா கொஞ்சம் பயம்ங்க, கொழந்த மனசு" என்று மாமா சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

தினம் காலையில் போய்ப் படுத்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு மூன்று நாளில் ஈறில் ரத்தம் நின்றது. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நானோ வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த புடவையை முடிக்கக் குழிக்குள் இறங்கிவிட்டேன்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாடா மாப்ள இது, சொட்டு சொட்டா ஊத்திகினு? இந்த வேகத்துல நீ தேறி, மொகம் தெளிஞ்சி... சபையில சாவு வீட்டு ஆளு மாதிரி உக்காரப் போறியா? ஜல்தியா வேலையப் பாப்போம்."

அவருக்குத் தெரிந்த ஒருவர் வீடு வீடாகப் போய் ஊசி போடுவார், பாஸ்கர் என்று பெயர். எந்தக் கிளினிக்கிலோ கொஞ்ச நாள் வேலை செய்தவர். மாமா கடையில் பெட்டியாக ஊசி மருந்து வாங்கி வந்தார். சாயங்காலம் ஆனால் பாஸ்கர் பல குப்பிகளை உடைத்துப் பெரிய சிரிஞ்சில் இழுத்து நேராக நரம்பில் ஒரே அழுத்தாக அழுத்துவார். உடம்பு பற்றிக்கொண்டு எரியும், கண் இருட்டும். "ஏறுது பாரு, பவரு!" என்பார் மாமா. நான் மறுத்தேனா? இல்லை. அளவாய்ப் போட்டதற்கே இவ்வளவு குணம் என்றால் அள்ளிப் போட்டால் எப்படி இருக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன். டாக்டரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

நிச்சயதார்த்தம் போளூரில் பெண் வீட்டில் நடந்தது. கிளம்புவதற்கு முன்னால் பாஸ்கர் வந்து கடைசி ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். வேனில் போகும்போதே இடுப்பில் ஏதோ பிடித்தது. சபையில் உட்கார்ந்தேன். எதிரே வரிசைத் தட்டுகள். சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை என்று நான் மாதக்கணக்கில் விரதம் இருந்து ஒதுக்கிய அத்தனை பேரும் குவிந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். ஐயர் லக்னப் பத்திரிகையை வாசிக்கத் தொடங்கினார்.

விலாவிலிருந்து தொடைவரை யாரோ கத்தியை இழுத்த மாதிரி வலி பாய்ந்தது. எழுந்தேன். பக்கத்திலிருந்த மாமாவின் வேட்டியைப் பிடித்தேன். வேட்டி என்னோடு வந்துவிட்டது. வேட்டியும் நானுமாக வரிசைத் தட்டுகளின் மேல் விழுந்தோம். ஆரஞ்சுகள் வாசல்வரை உருண்டன. வாந்தி எடுத்தேன். அதோடு போயிருந்தாலாவது மானம் பாதி மிஞ்சியிருக்கும். நான் சபை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"மாமா! கல்லு! போன தடவ மாதிரியே கல்லு மாமா!"

கோடு போட்ட டிராயரோடு நின்றுகொண்டிருந்த மாமாவை வசந்தியின் சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"போன தடவையா?" என்றார்.

மீண்டும் அதே ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து போட்டார்கள். டாக்டரம்மா பாஸ்கர் விவகாரத்தைக் கேட்டதும் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உடம்புக்கு வேண்டியது போக மிச்சமான வைட்டமின் உப்பா மாறி கிட்னில போய் அடைக்குது. கல்லு வர உடம்பு, தண்ணியும் குடிக்கல, கொட்டி வேற ஏத்தியிருக்கீங்க. இவருக்குக் காலையிலேர்ந்து மூத்திரமே எறங்கல. சாயங்காலத்துக்குள்ள எறங்கலன்னா வேலூருக்குத்தான். மிஷின்ல போட்டு ரத்தம் சுத்தம் பண்ணணும். அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலின் பக்கத்தில் மூத்திரம் பிடிக்கும் பை தொங்கியது. அதற்குள் ஒன்றும் இல்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போகத்தான் வந்தார். ஆனால் சாகக் கிடப்பவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவரும் பையையே பார்த்தார். என் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. இந்தக் கேவலமான காரணத்துக்கா சாகப் போகிறேன் என்று அழுதேன்.

மத்தியானம் வசந்தி வந்தாள், பஸ் பிடித்துத் தனியாக. சித்தப்பா பதறி எழுந்தார். அவள் நேராக என் கட்டிலுக்கு வந்தாள்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"உங்க சித்தப்பா இருந்தாரு."

"சித்தப்பாவையா கட்டிக்கப் போறீங்க?"

அவள் திரும்பி, "மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. சித்தப்பா, நீயும்தான்" என்றாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். "டாக்டர், மறுபடியும் முதல்லேர்ந்து கேளுங்க. இவரே சொல்லட்டும்" என்றாள்.

சொன்னேன். கல்லடைப்பைச் சொன்னேன். குழந்தையில் வலிப்பு வந்ததைச் சொன்னேன். அம்மாவின் சர்க்கரையை, என் மூலத்தை, பீடியை, எல்லாவற்றையும் சொன்னேன். பீடி என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் முன்னால் மூலத்தைப் பற்றிப் பேசியவன் அந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டாக்டரம்மா எழுதி முடித்ததும் வசந்தி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வீசிங் இருக்குது. எங்க வீட்ல சொல்ல வேணாம்னாங்க."

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வேலூருக்கு வண்டி சொல்லிவிட்டார்கள். அப்போது கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா திடீரென்று கூவினார்.

"வந்துட்சி! டாக்டரம்மா, மூத்திரம் வந்துட்சி!"

வராந்தாவில் அவரும் மாமாவும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்தவன் மூத்திரத்துக்காக இரண்டு சம்பந்திகள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கல்யாணம் சில மாதம் தள்ளி நடந்தது. என் சிறுநீரகங்கள் பிழைத்தன, பழைய தெம்பு மட்டும் வரவில்லை. இன்றும் வருடாவருடம் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், எந்த மருந்துக்கும் முதலில் கேட்க வேண்டும். புடவையின் ஜரிகை இன்னும் கறுக்கவில்லை. எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் முதல் கேள்வியைக் கேட்டதும் ஒருவர் சொல்வார்: "மாமாவ வெளிய அனுப்புங்க." மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

சில வருடம் கழித்து மாமா கால் விரலில் ஒரு புண்ணோடு அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் முழுக்க விஷம் ஏறியிருந்தது. டாக்டர் வந்து, "சுகர் எவ்ளோ வருஷமா இருக்கு?" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை. மகள் கவிதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார் பாவி. என்னைப் பார்த்து, "நான் வெளிய போயிடட்டுமா மாப்ள?" என்று சிரிக்கப் பார்த்தார். வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளயே இருங்க மாமா. இருந்துகினு சொல்லுங்க" என்றாள். சொன்னார். ஆனால் சொல்ல வேண்டிய காலம் எப்போதோ தாண்டியிருந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

வருடம் திரும்பிய பிறகு கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அப்பா சுவரில் மாலை போட்டிருந்த மாமாவின் படத்தைப் பார்த்து, "அப்பா எதனால போயிட்டாரு?" என்று கேட்டார்.

மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வயசாகி..." என்று ஆரம்பித்தார்.

"சுகருங்க" என்றாள் கவிதா. "எங்க பரம்பரையிலயே இருக்குது."