ரெண்டு நிமிஷத்துக்கு மூன்று காவல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டியதும் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு ஐந்தாவது முறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பிஸ்கட் நீட்டினால், முதலில் அவர் ஒன்றைத் தின்னட்டும் என்று காத்திருப்பேன் (தின்ற பிறகும் வாங்க மாட்டேன்). வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆண்டிமடம் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில், விண்ணப்பத்தோடு வரும் சான்றிதழ்களில் எது அசல், எது போலி என்று பார்க்கிற குமாஸ்தா. வருகிறவர்களிடம் எல்லாம் ஆதாரம் கேட்பதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்டவன் தான் பெற்ற மகளை எப்படி வளர்ப்பான்? பாப்பாவுக்கு மூன்றரை வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். வெளியாள் யார் என்ன கேட்டாலும் "தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டும். பேர் கேட்டாலும் தெரியாது, ஊர் கேட்டாலும் தெரியாது. சோறு ஊட்டும்போதெல்லாம் ஒத்திகை நடக்கும். சரியாகச் சொன்னதும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் கைதட்ட வேண்டும். ஒரே வாரத்தில் தேறிவிட்டாள். என் மனைவி செல்வி மட்டும், இது எங்கே போய் முடியுமோ என்று முணுமுணுத்தாள்.

அது பெரம்பலூரில் போய் முடிந்தது.

செல்வியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அவள் மூன்று நாள் முன்பே அரும்பாவூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததால், சரியானதும் காரில் அழைத்துவருவது என் பொறுப்பு. பிள்ளையை முழுசாக என்னிடம் விட்டது அதுதான் முதல் தடவை. போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க எறங்குனாலும் புள்ளையத் தூக்கிட்டு எறங்குங்க. கார்ல தனியா மட்டும் வுட்றாதீங்க."

யாரிடம் சொல்கிறாய் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள், மோட்டார் நன்றாக ஓடுகிறது என்ற வயர்மேனின் பேச்சை நம்பாமல் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த போன் கிணற்றுக்குள் போய்விட்டது. அப்பாவின் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டேன். சிம் வேண்டுமே? அரை மணிக்கு ஒரு தடவை பிள்ளை எங்கே என்று கேட்பவளுக்குப் போன் போகவில்லை என்றால் என்ன நினைப்பாள்? பெரம்பலூரில் ஒரு மொபைல் கடையில் விரல் ரேகை வைத்தால் பழைய நம்பருக்கே சிம் கொடுப்பார்கள். ரெண்டு நிமிஷ வேலை.

ஜெயங்கொண்டம், அரியலூர் தாண்டி பெரம்பலூருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குக் கடையைச் சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவார்கள். எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தினேன். கடை மாடியில். பின்சீட்டில் பாப்பா அயர்ந்து தூங்குகிறாள். எழுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். போன முறை பாதித் தூக்கத்தில் எழுப்பியபோது அரியலூரில் ஆரம்பித்த அழுகை ஆண்டிமடத்தில்தான் நின்றது. நிழல் இருக்கிறது, கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கியாயிற்று, ரெண்டு நிமிஷம்தானே என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றை மட்டும் நான் சரிபார்க்கவில்லை.

ஆனாலும் சந்தேகம் விடுமா? மரத்தடியில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றார் உடனே. பத்தடி நடந்ததும் எனக்குத் திக்கென்றது. நல்ல மனிதன் என்றால் ஒரு கேள்வியாவது கேட்க மாட்டானா? இவ்வளவு சீக்கிரமா சரி என்பான்? திரும்பி வந்து, பக்கத்தில் குடை விரித்துப் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம், அந்த வெள்ளரிக்காய்க்காரர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுமாறு காதோடு சொன்னேன். சரியென்று தலையாட்டிய அம்மாள் வெள்ளரிக்காய்க்காரரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆக, ரெண்டு பேரும் கூட்டு!

டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணில் பட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பார்த்தால் ரிட்டயர்டு வாத்தியார் போல இருந்தார். அவரிடம் போய், அந்த ரெண்டு பேரையும் கவனித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படுகிறார், நம்பகமான ஆள்தான் என்று திருப்தியோடு மாடியேறினேன்.

மாடியில் மெஷின் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. காரணம் இதுதான்: முந்தின வாரம் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்தோம். அந்த ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்து உரியும். எங்கள் ஊரில் அது சாதாரணம். கடையில் இருந்த பெண்ணுக்கோ அது புதுசு. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னாள். கடைசியில் இடது சுண்டுவிரல் ஜெயித்தது. நம்பர் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று சிம்மைப் போனில் போட்டுக் கொடுத்தாள். மணி பார்த்தேன். ஒன்று.

இறங்கி ஓடினேன். மர நிழல் காரை விட்டு விலகியிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. சீட்டில் பாப்பாவின் ஒரு செருப்பு மட்டும் இருந்தது.

அந்த நொடியைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து, அடியிலும் குனிந்து பார்த்தேன்.

"யாருய்யா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பெரியவர்தான். குடைக்கடியில், பூக்கார அம்மாளின் மடியில், தலையில் ஒரு முழம் மல்லிகையோடு வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள் என் மகள். நான் பாய்ந்தேன். வெள்ளரிக்காய்க்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"வெயிலு ஏறி புள்ள தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சுங்க. கண்ணாடியத் தட்டி எழுப்பி, கதவுக் குமிழ இழுக்கச் சொல்லிக் காட்டி வெளிய எடுத்தோம். பெத்தவன் இப்படிப் போட்டுட்டுப் போவானா?" என்றாள் அம்மாள்.

நான் போன பிறகு மூவரும் கலந்து பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் கண்காணிக்க நான் இன்னொருவரை ஏற்பாடு செய்தது வெளியே வந்துவிட்டது. இப்படியெல்லாம் யோசிப்பவன் நிச்சயம் பிள்ளைத் திருடனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் முடிவு. நான் அவள் அப்பா என்றேன்.

"ஆதாரம் இருக்கா?" என்றார் பெரியவர்.

போட்டோவெல்லாம் கிணற்றில் கிடந்தது. மனைவி நம்பரும் அங்கேதான். என் ஆதார் அட்டை நான் யார் என்று சொன்னது, பாப்பா யார் என்று சொல்லவில்லை. அட்டையை வாங்கிய பெரியவர் கையோடு என் விரல்களையும் பிடித்துத் திருப்பினார். ரேகையை வேண்டுமென்றே அழித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று கூட்டத்துக்கு அறிவித்தார். அதற்குள் கூட்டமும் சேர்ந்திருந்தது.

பிள்ளையையே கேளுங்கள் என்றேன். கெட்ட நேரம் வந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

"இது யாரு கண்ணு?" என்றாள் அம்மாள், என்னைக் காட்டி.

பாப்பா என்னை நன்றாகப் பார்த்தாள். "தெரியாது" என்றாள் கணீரென்று. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் கைதட்டலுக்குக் காத்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போலீஸைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தபோது என் பையில் போன் அலறியது. கூட்டாளியாக இருப்பான் என்று பெரியவர் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டார். செல்விதான். முன்பின் தெரியாத குரலைக் கேட்டுப் பதறியவளிடம் பெரியவர் விஷயத்தைச் சொன்னார். செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க ஒருத்தர் கறுப்பா, முன்வழுக்கையா, எல்லாரையும் திருடனப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறாராங்க?"

பெரியவர் என்னை மேலிருந்து கீழாகச் சரிபார்த்தார். "ஆமாம்மா."

"அவருதாங்க எங்க வூட்டுக்காரரு."

அம்மாள் விடவில்லை. போனைப் பாப்பாவின் காதில் வைத்தாள். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம் என்று செல்வி பாடத்திட்டத்தைத் திருத்திய பிறகு, பாப்பா என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பா என்னயக் கார்லயே வுட்டுட்டுப் போயிட்டாரு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அரும்பாவூரில் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. இன்றுவரை நான் அந்த வீட்டு வாசலில் காலை வைத்தால் யாராவது ஒருவர், இது யாரு என்பார். உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "தெரியாது" என்று கத்தும். அன்றைக்குச் செல்வி பொழுது சாயும்வரை பாப்பாவை என் கையில் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். நான் நம்பாத மூன்று பேர் வெயிலில் நின்று என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அங்கே நம்பக்கூடாத ஒரே ஆள் நான்தான்.

பாப்பா இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் அதே வழியாகப் போனபோது, அம்மாவுக்குப் பூ வாங்குகிறேன் என்று அதே மரத்தடியில் இறங்கினாள். நான் காரிலேயே இருந்தேன். கண்ணாடி நாலு விரல்கடை இறங்கியிருந்ததால் பேசியது கேட்டது.

"கடைக்குப் போயிட்டு வந்துடறேன் அத்த. அப்பா கார்ல தனியா இருக்காரு, கொஞ்சம் பாத்துக்குங்க."

பூக்கார அம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெள்ளரிக்காய்க்காரரைக் கூப்பிட்டாள்.