பதினொரு கதவு வைத்த கடல் சுவர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் முழங்காலுக்கு மேலே நலம். முழங்காலுக்குக் கீழே கடல் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் மூன்றாவது மாடியில் உலர்ந்த காலோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் கடலோரத் திட்ட அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருப்பதால் இதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் தெருவுக்குச் சுவர் கட்ட அலுவலகம் பாதி, தெரு பாதி என்று முடிவானபோது, சங்கத் தலைவன் என்ற முறையில் முதலில் கைதட்டியவன் நான். பத்துக் கூட்டம் போட்டோம், பிஸ்கட் தீர்ந்ததுதான் மிச்சம். சுவர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. பல் டாக்டர் மட்டும், "கடலோரம் வீடு வாங்கிட்டு சுவரையா பார்த்துக்கிட்டு உட்காருறது? என் வாசலுக்கு நேரா ஒரு கதவு வைங்க" என்று ஆரம்பித்து வைத்தார். அவருக்கு வைத்தால் வக்கீல் சும்மா இருப்பாரா? "நானும்தானே பணம் குடுக்கறேன்" என்றார். கடைசியில் பதினொரு வீட்டுக்குப் பதினொரு கதவு. உங்கள் அலுவலகமும் அதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் வைத்து முத்திரை குத்திக் கொடுத்தது. என்ன அக்கறை, என்ன அக்கறை.

போன வாரம் கடல் பொங்கிய அன்று பத்துக் கதவையும் இழுத்துச் சாத்தினோம். பதினோராவது கதவு வக்கீலுடையது. காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாதென்று அதைத் திறந்த நிலையிலேயே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியோடு ஊருக்குப் போய்விட்டார் மனுஷன். கடல் மரியாதையாக அந்த வழியாக வந்தது. வந்தது திரும்பிப் போகலாமென்றால் எல்லா வாசலையும் மணல் அடைத்துவிட்டது. உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் காப்பதில் நம் சுவர் அவ்வளவு உறுதி மாப்பிள்ளை, ஒரு விரிசல்கூட இல்ல.

நேத்து உங்க ஆபீஸ் அம்மா ஒருத்தங்க பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து ஒரு வரைபடத்தை விரிச்சாங்க. அதுல என் வீட்டு மேலயும் கடலுக்குப் பூசின அதே நீல மை பூசியிருக்கு. "மேட்டு நிலத்துல எல்லாருக்கும் மனை தரோம் சார். பதினொரு வீடும் கையெழுத்துப் போட்டாத்தான் நிதி வரும். தலைவர் நீங்க போட்டா மத்தவங்களும் போடுவாங்க"ன்னாங்க. நான் போட மாட்டேன். இந்த வீட்டுக் கடனை அடைக்க இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணு நடக்கப் பழகின கூடம் இது. அதுல இப்போ நாற்காலி மிதக்குது. சுவரை இன்னும் உயர்த்துங்க, நான் நகர மாட்டேன்.

நீங்கள் இருவரும் எந்தக் காலத்திலும் நனையாமல் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் வாங்கிப் படித்துவிட்டார். "முதல்ல கதவு கேட்டது டாக்டரா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் கேட்டேன் மாப்பிள்ளை, டாக்டர் இரண்டாவது. "இனிமே என்னால தண்ணி இறைக்க முடியாது. நீங்க இருங்க, நான் மேட்டுக்குப் போறேன்" என்று அவர் பெட்டியைக் கட்ட ஆரம்பித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள், ஊரிலிருந்து திரும்பிவிட்ட வக்கீல் உட்பட, மற்ற பத்துப் பேரும் போட்டாயிற்று. சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு சின்ன நிபந்தனை: பதினொரு மனையும் கடல் தெரிகிற முதல் வரிசையில் இருக்க வேண்டும்.