மச்சான், நாளைக்கு வேனை எடுக்காதீர்கள்

மிகுந்த அன்புக்கும் அதைவிட மிகுந்த பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நேற்று வரை நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அடுத்த தெருவில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம், போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நான் முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் மீதியை நீங்களே முடித்துவிடுவீர்கள். அந்தப் பழக்கம்தான் இப்போது நம் தலையில் கல்லைப் போட்டிருக்கிறது. ஆகவே இதை உங்கள் தங்கை கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து ஒவ்வொரு வார்த்தையையும் கடைசி எழுத்து வரைக்கும் படியுங்கள். ஊகிக்காதீர்கள்.

நம் வார்த்தை விளையாட்டுக் குழுவில் நீங்கள் ராஜா என்பதை நான் மறுக்கவில்லை. காலையில் போனைத் திறந்தால் யாராவது இரண்டு எழுத்தை எறிந்திருப்பார்கள், க்யூவும் இசட்டும் வருகிற இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்கள் என்று. நாங்களெல்லாம் வாயில் பிரஷ்ஷோடு தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் க்விஸ், க்வார்ட்ஸ் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, வேனைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவீர்கள். உங்களுக்கு அகராதி என்று பேர் வைத்தது சும்மாவா? அந்தப் பைத்தியம் என்னையும் பிடித்தது. பிடித்தது வீட்டோடு நின்றிருக்கலாம், கடைக்குள்ளும் வந்துவிட்டது.

நம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. எந்த வரிக்கும் அர்த்தம் கிடையாது. நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது மச்சான். அந்த அட்டையில் வருவதே கொஞ்சம் எழுத்துகள்தான். அதிலும் உயிரெழுத்து என்று பார்த்தால் ஓ ஒன்றே ஒன்று. இதை வைத்துக்கொண்டு எத்தனை வார்த்தை தேறும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஹார்ன் வந்தது. ராக்ஸ் வந்தது. ஷாக் வந்தபோது ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தேன். வரிக்கு ஒரு வார்த்தையாகக் கோத்து, அடியில் பொடி எழுத்தில் கிடார்க்காரர்கள் சொல்கிற கார்ட்ஸைப் போட்டு, அச்சடித்து, பழைய அட்டையைக் கழற்றிவிட்டு மாட்டினேன். படம் பிடித்துக் குழுவிலும் போட்டேன். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். நீங்கள்கூடக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

அன்றிலிருந்து இந்தப் பேட்டையில் ஒருத்தருக்கும் கண் கெடவில்லை. தலைவலி என்று வந்த தையற்காரர் அடி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை என்று கைகுலுக்கி அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் தைத்துக் கொடுத்த என் பேன்ட்டில் இரண்டு பாக்கெட்டுக்கும் வாயையே காணோம், சேர்த்துத் தைத்துவிட்டார். என் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் டீச்சர் ஒருவரும் எல்லா வரியையும் படித்துவிட்டு, வாசலில் இருந்த நிலைக்கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்துக்கே வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனுஷி என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். வியாபாரம்தான் படுத்துவிட்டதே தவிர, ஊருக்கே பார்வை கொடுத்துவிட்டதாக ஒரு மிதப்பில் இருந்தேன்.

இன்றைக்குக் காலையில் அந்த மிதப்பு இறங்கியது. நம் குழுவில் இருக்கிற, ரிடையரான பேங்க் மேனேஜர் வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் கரண்ட் போனது. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த அறையில் ஜன்னல் கிடையாது, கை நீட்டினால் கை தெரியாது. நான் டார்ச்சைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறேன், மனிதர் பாட்டுக்கு அந்த இருட்டில் எஸ், எச், ஓ, சி, கே என்று படித்துக்கொண்டே போகிறார்.

"சார், உங்களுக்கு என்ன தெரியுது?" என்றேன்.

"எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அடுத்த வரிக்குப் போகட்டுமா?"

குழுவில் படத்தைப் பார்த்த மனிதர் கண்ணால் படிக்கவில்லை, ஊகித்தே ஒப்பிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்துபோனேன். மேனேஜரை நினைத்து அல்ல, உங்களை நினைத்து. போன மாதம் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்று பார்வைச் சான்றிதழுக்கு வந்தீர்களே, நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே அட்டை முழுவதையும் ஒப்பித்துவிட்டீர்கள். அகராதியாச்சே என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மச்சான், உங்களுக்குக் கண் தெரியுமா தெரியாதா என்பது இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது! மேனேஜரை இருட்டிலேயே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். நீங்கள் திரும்புகிற நேரம். உங்கள் வேன் வந்தது. நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். நீங்கள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் என்னை உரசிக்கொண்டு போனீர்கள். சொந்தத் தங்கை புருஷனையே தெரியவில்லை என்றால், ரோட்டைக் கடக்கிற குழந்தை எங்கே தெரியப்போகிறது? திரும்பி ஓடிவந்த வேகத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நாளைக்கு வேனை எடுக்காதீர்கள். வேலைக்கு என்ன ஆகுமோ என்று கலங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நானே வந்து, தப்பு என் பேரில்தான் என்று சொல்கிறேன். பழைய அட்டையைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். அதில் ஊகிக்க ஒன்றும் இல்லை. காலையில் நடந்தே வாருங்கள், அதுவும் ஓரமாக.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வீட்டில் எல்லோரும் பாதசாரிகளாகவே நீண்ட காலம் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பேரில் உயிரையும், தங்கள் சான்றிதழில் கையெழுத்தையும் வைத்துவிட்ட
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன்னால் உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். "எங்கண்ணன் வேன் மஞ்சள். நீங்க காலைல கும்பிடாத குறையா மறிச்சது தண்ணி லாரி" என்றாள். கடைக் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். உங்கள் கண்ணைப் பற்றியும் கவலை வேண்டாமாம். பிள்ளைகள் ஏறுகிற வண்டியாச்சே என்று, சான்றிதழுக்கு வந்த அன்றைக்கே உங்களைப் பின்னறைக்குக் கூப்பிட்டுப் பழைய அட்டையை நீட்டிப் பார்த்திருக்கிறாள். கடைசி வரி மட்டுமல்ல, அதற்கும் கீழே அச்சாபீஸ் பேர் வரைக்கும் படித்தீர்களாம். பிறகு என்னை அதே நாற்காலியில் உட்காரவைத்து அதே அட்டையைக் காட்டினாள். மூன்றாவது வரிக்குக் கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை மச்சான். புது அட்டையை நான் ஒரு நாளும் கண்ணால் படித்ததே இல்லை போலிருக்கிறது. ஆகவே நாளைக்கு வேனை எடுங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வந்து, கடைத்தெருக் கோடியில் புதிதாகக் கண்ணாடிக் கடை போட்டிருக்கிறாரே, அவரிடம் என்னைக் கூட்டிப்போங்கள். அவர் அட்டையில் எழுத்துகள் வெறும் எழுத்துகளாகவே இருக்குமாம். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.